தொத்தாத சொறி

எனக்குப் பதின்மூன்று வயதில் அது தொடங்கியது. இரண்டு மேற்கைகளிலும், தோள்மூட்டிலிருந்து முழங்கை வரை, தோலுக்கடியில் ரவையைத் தூவிவிட்டது போலச் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. வேர்த்தால் அரிக்கும், சொறிந்தால் சிவக்கும், சிவந்தது இரண்டு நாளைக்கு அடங்காது. தொடையிலும் இருந்தது. அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. கைகளை மறைக்கத்தான் வழி தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சீருடையின் கை, தோளிலிருந்து ஒரு சாண்கூட இறங்காது.

அப்போது நானும் அம்மாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸ். ஓர் அறை, சமைக்க ஒடுக்கமான ஓர் இடம், வீட்டுக்காரரோடு பங்கிட்டுக்கொள்ளும் குளியலறை. அப்பா யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்தார். போரில் பாதை அடைபட்டிருந்ததால் அவர் வர முடியாது, நாங்கள் போக முடியாது. கடிதம்தான் வந்து போனது. அம்மா விடிய எழும்பி இடியப்பம் அவித்து, ஒழுங்கை முகப்பிலிருந்த இரண்டு கடைகளுக்குக் கொடுப்பார். நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரத்தில் அவர் கடையில் நிற்பார். வீட்டில் நான் அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஏனென்று கேட்டால் நுளம்பு கடிக்கிறது என்பேன். இப்படி இரண்டு வருடம் என் கைகளை அம்மாவின் கண்ணில் படாமல் வைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். மண்டபத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு நேர்ஸ் ஒவ்வொருவராகக் கண், பல், நகம் பார்த்துக்கொண்டு வந்தவர், என்னிடம் வந்ததும் பேனையின் பின்பக்கத்தால் என் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"இதென்ன, சொறியா?"

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையில் பேன் இருந்த இரண்டு பிள்ளைகளோடு என்னையும் மேடைப்பக்கம் தனியே நிற்கச் சொன்னார். வகுப்புக்குத் திரும்பியபோது என்னோடு ஒரே மேசையில் இருந்தவள் தன் கொப்பிகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.  அன்று முழுக்க என் முழங்கையில் அவள் முழங்கை படவில்லை. பெற்றோரிடம் காட்டும்படி தந்த துண்டைக் கிழித்து, வழியில் சாக்கடைக் கானுக்குள் போட்டேன்.

தோல் வைத்தியரைச் சனல் பண்ணலாம், காசு கட்டித் தனியாகப் பார்க்கலாம் என்று வகுப்பில் வசதியான ஒருத்தி சொன்னாள். காலி வீதியில் ஒரு தனியார் இடத்துக்குள் போய், மேசையில் இருந்த பெண்ணிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டதும், அக்காவுக்காகத்தான் கேட்டேன், அவ வந்து சொல்லுவா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. வெளியே வந்த பிறகும் என் முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு என் வைத்தியத்தை நானே பார்த்தேன். தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டு உரஞ்சினேன். தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். பிறகு ஒரு பாமசிக்கு, மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர், "கையைக் காட்டுங்கோ தங்கச்சி" என்றார். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சட்டைக் கையை உயர்த்தினேன். அவர் அரைக் கண்ணால் பார்த்துவிட்டு "பங்கஸ்" என்றார். தந்த குழாயை இரண்டு கிழமை, பதினான்கு நாளும் பூசினேன். ஒன்றும் மாறவில்லை.

சந்தைப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அழகு நிலையத்தைப் பற்றி வகுப்பில் கதைத்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக் கிறீம் விற்றார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பா, பெயர் ஒன்றும் ஒட்டியிருக்காது, திறந்தால் ஆஸ்பத்திரியும் மல்லிகையும் சேர்ந்தது போல மணக்கும். விஞ்ஞான ரியூசனுக்கு அம்மா தந்த காசில் அதை வாங்கினேன். வாங்கிய மாதம் ரியூசனுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் போய் இருந்துவிட்டு, வகுப்பு முடியும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போவேன்.

முதல் கிழமை அற்புதமாக இருந்தது. புடைப்புகள் அமர்ந்தன, தோல் வெளுத்து வழுவழுப்பானது. பள்ளிக்கூடத்தில் கையை உயர்த்திக் கேள்விக்கு விடை சொன்னேன். மூன்றாம் கிழமை எரியத் தொடங்கியது. எரிவு நிற்பதற்காக இன்னும் பூசினேன். தோல் உரிந்து, சிவந்து, கடைசியில் நீர் கசிந்தது. அப்பாவின் சேட்டுக் கை ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது கண்ணீர் வரும்.

இதற்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்திருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, சின்னம்மாவின் மகள். என்னைவிட நாலு வயது மூப்பு. வன்னியிலிருந்து வெளிக்கிட்டு, வவுனியாவில் ஒரு முகாமில் மாதக்கணக்காக இருந்து, கொழும்புக்குப் போக இராணுவம் தரும் பாஸ் கிடைத்து ஒரேயொரு பையோடு வந்தவள். கொழும்பில் தட்டெழுத்துப் படித்து ஏதாவது வேலை தேடுவது என்பது திட்டம். கொழும்பில் தங்கும் தமிழர் எல்லாருடைய பெயரும் அந்தந்த வீட்டின் பேரில் பொலிசில் பதிந்திருக்கவேண்டும்; அம்மா அவளுடைய பெயரையும் வீட்டுக்காரரின் பொலிஸ் பதிவில் சேர்ப்பித்தார். அவளும் நானும் ஒரே மெத்தையில் படுத்தோம்.

முகாமில் அவளுக்குச் சிரங்கு வந்து மாறியிருந்தது. விரல் இடுக்குகளில் கறுத்த தழும்புகள் இருந்தன. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அவள் வந்த முதல் நாளே என் கைகளைக் கண்டுவிட்டாள். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோது உள்ளே வந்தவள், "வேப்பிலை அவிச்சுக் கழுவிப் பாரன்" என்று மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றேன். அவள் சொல்லவில்லை.

ஒருநாள் பின்னேரம் நான் குளித்து முடிக்கும் நேரம் அம்மா துவாய் தருவதற்காகக் கதவைத் தள்ளிவிட்டார். என் கைகளைப் பார்த்ததும் துவாய் கீழே விழுந்தது.

"ஐயோ, என்ன பிள்ளை இது? எப்ப இருந்து?"

நான் துவாயை எடுத்துக் கைகளை மூடினேன்.

"என்னத்தைப் பூசினனி? எங்கையாவது சுட்டுக்கொண்டனியோ? வாயைத் திறந்து சொல்லன்."

கிறீமைச் சொன்னால் காசைச் சொல்லவேண்டும். காசைச் சொன்னால் ரியூசனைச் சொல்லவேண்டும். அம்மா விடிய எழும்பி அடுப்போடு நின்று சேர்த்த காசு அது. குசினியில் அக்கா இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு சுவர்தான் இடையில்.

"அக்கா வந்த பிறகுதான்" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். "மெல்லமாக் கதை" என்றார். ஆனால் நான் மெல்லமாகச் சொல்லவில்லை. குளியலறை யன்னல் வழியாக வீட்டுக்கார அன்ரிக்கும் கேட்டிருந்தது.

அன்ரி கெட்ட மனுஷி இல்லை. அடுத்தநாள் காலை வந்து வாசலில் நின்றபடியே கதைத்தார். "குறை நினையாதேங்கோ. ஒரே பாத்றூம். என்ரை பேரப்பிள்ளையளும் வந்து போறவை. நீங்களும் சாப்பாட்டுச் சாமான் செய்து குடுக்கிறனீங்கள், கடைக்காரருக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்?"

அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பட்டது. இரண்டு கடைகளும் நின்றால் எங்களுக்கு வேறு வழியில்லை. அவர் தன் தங்கையின் பிள்ளையை வெளியே அனுப்ப விரும்பவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தெரிந்தவர் மூலமாகக் கொட்டாஞ்சேனையில் ஓர் இடம் பார்த்தார். ஒரு கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, மனைவி முன்னறையில் நாலு கட்டில் போட்டு வேலைக்குப் போகும் பெண்களை வைத்திருந்தார்.

அக்காவிடம் சொல்லும்போது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு படிப்பது போல இருந்தேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் பிள்ளை. இவளுக்கு மாறினவுடனை..."

"பரவாயில்லை பெரியம்மா. நான் போறன். இவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனையும் வருதெல்லே."

அவள் என்னைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். நான் நிமிரவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் அவளுக்கு. 'நான் வரமுந்தியே இருந்தது பெரியம்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறத்தியார் வீட்டில் இருப்பவர்களுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவள் முகாமிலேயே கற்றிருக்கவேண்டும். போகிற அன்று காலையில் தண்ணீர் கொதிக்கவைத்து, தன் படுக்கை விரிப்பையும் என்னுடையதையும் அதில் ஊறவைத்துத் தோய்த்து, இரண்டையும் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்ரி அந்தக் கிழமையே பொலிஸ் பதிவில் அவள் பெயரை வெட்டுவித்தார். வீட்டில் இல்லாத ஆளின் பெயர் பதிவில் இருந்தால் பொலிஸ் தேடுதலுக்கு வரும்போது வில்லங்கம். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த கிழமை அம்மா என்னைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காசில்லை, நேரத்துக்குப் போனால் போதும். முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நின்றோம். களிம்பு போட்டுத்தர அவர்களிடம் டப்பா இருக்காது என்று அன்ரி சொல்லியிருந்தபடியால் அம்மா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். நீள வாங்குப் பலகையில் இருந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு போத்தல் இருந்தது. தோல் கிளினிக்கில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இவருக்கு என்ன, எங்கே என்று தேடுகிற பார்வை. நானும் அப்படித்தான் பார்த்தேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், நடுத்தர வயது. தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களத்தில் விலை கேட்கத் தெரியும், அதற்கு மேல் இல்லை. நான் தெருவிலும் பஸ்ஸிலும் தொலைக்காட்சியிலும் பொறுக்கிச் சேர்த்த சிங்களத்தில் ஓரளவு சமாளிப்பேன். கடையிலும் சோதனைச் சாவடியிலும் அம்மாவுக்காகக் கதைப்பது நான்தான். அன்றும் நான்தான்.

டொக்டர் என் கையைத் தன் விரலால் தொட்டுத் தடவிப் பார்த்தார். கையுறை போடவில்லை. இரண்டு வருடத்தில் அந்த இடத்தைத் தொட்ட முதல் ஆள் அவர். என்ன பூசினாய் என்று கேட்டார். பள்ளிக்கூடப் பையின் அடியில் இருந்த டப்பாவை மேசைக்குக் கீழால் எடுத்து நீட்டினேன். அவர் மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். இதுதான் எரித்தது என்றார். அடியில் இருக்கிற புடைப்பு வேறு. அது ஒரு நோயே, வருத்தமே இல்லை, பலருக்குப் பிறவியிலேயே வருகிற தோல், வயது போகக் குறையும். அம்மா அப்பாவுக்கு இருக்கிறதா என்று கேட்டார். நான் அம்மாவைக் கேட்காமலே இல்லை என்றேன்.

பிறகு அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா பயந்துபோய் இருந்தார்.

"மேக போவென்னே நே, துவ" என்றார் டொக்டர் என்னிடம். இது தொத்தாது, மகளே. "அம்மட்ட கியன்ன."

அம்மாவிடம் சொல்லு என்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"களிம்பு பூசட்டாம். சவுக்காரம் போடக்கூடாதாம்" என்றேன்.

"வேற? என்னைப் பாத்து என்னவோ சொன்னா."

"துவாய், படுக்கை எல்லாம் வேற வேறயா வைக்கட்டாம்."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தபோது முழு வசனமாக வந்தது. அம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "அப்ப நாங்கள் செய்தது சரிதான்" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது. டொக்டர் அதைப் பார்த்து, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். அம்மாவும் அவரைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன்.

களிம்பு வேலை செய்தது. மூன்று கிழமையில் புண் ஆறி, பழைய புடைப்பு மட்டும் மிஞ்சியது. அம்மா மெலிந்த துணியில் புதிதாக ஒரு முக்கால் கைச் சட்டை தைப்பித்துத் தந்தார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். படலைக்கு உள்ளே வரவில்லை. அம்மா எவ்வளவு கூப்பிட்டும் "இல்லைப் பெரியம்மா, பஸ் போயிடும்" என்றாள். என்னைக் கண்டதும், "கொச்சிக்கடைக் கோயிலிலை உனக்காக மெழுகுதிரி கொளுத்தினனான். இப்ப எப்பிடி?" என்றாள். சைவக்காரரான எங்கள் ஆட்களும் அந்தத் தேவாலயத்துக்குப் போவது வழக்கம்தான். நான் "பரவாயில்லை" என்றேன். அம்மா வாழையிலையில் சுற்றிக் கொடுத்த இடியப்பத்தை அவள் படலைக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எப்போதும் நடப்பது போலச் சுற்றிவளைப்புகள் நடந்தன. அன்ரியின் தொலைபேசிக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்காரப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. பொலிஸ்காரர் விடிய வந்து வீடு வீடாகப் பார்த்தார்களாம். மற்றப் பெண்களுக்குப் பதிவு இருந்தது. அக்காவுடைய பதிவுப் பத்திரத்தைத் திங்கட்கிழமை கொடுக்கிறதாக இருந்ததாம். அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போனோம். துறைமுகப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையம். வெளியே எங்களைப் போல இருபது முப்பது பேர் நின்றார்கள். மத்தியானம் தாண்டித்தான் உள்ளே விட்டார்கள். மேசையில் ஒரு சார்ஜன்ட். அவருக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, சுவரோரம் பெண்கள் நிலத்தில் இருப்பது தெரிந்தது. அக்கா மூன்றாவதாக இருந்தாள். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தாள். பெண் பொலிஸ் ஒருத்தி இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

சார்ஜன்ட் என்னிடம் கேட்டார், நான் அம்மாவிடம் கேட்டேன். என்ன உறவு, எப்போது வந்தாள், ஏன் வந்தாள். பிறகு அவர் அக்காவின் அடையாள அட்டையைப் புரட்டிக்கொண்டு கேட்டார்: வெள்ளவத்தையில் சொந்தக்காரரோடு பதிவு இருந்ததே, அதை வெட்டிவிட்டு ஏன் இங்கே வந்து பதிவில்லாமல் இருந்தாள்? யார் வரச் சொன்னது?

அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அம்மா தடுமாறினார். "சொல்லு பிள்ளை, அவளுக்குத் தொத்து வருத்தம் எண்டு. தோல் வருத்தம். அதாலைதான் அனுப்பினனாங்கள் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லு."

அக்கா அம்மாவின் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சார்ஜன்ட்டின் பக்கம் திரும்பி, அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பி என்னவோ உரத்துச் சொன்னார். பெண் பொலிஸ் உடனே இரண்டு அடி பின்னால் போனாள். அக்காவை எழும்பச் சொல்லி, கையை விரித்துக் காட்டச் சொன்னாள். அக்கா விரித்தாள். விரல் இடுக்கில் இருந்த முகாம் தழும்புகளை அவள் குனிந்து, தொடாமல், பார்த்தாள். பிறகு அறையின் மற்ற மூலையில், கழிவறைக் கதவடியில், தனியே போய் இருக்கச் சொல்லி விரலைக் காட்டினாள். மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு விலகினார்கள். அக்கா போய் அந்த மூலையில் இருந்தாள். பள்ளிக்கூட மண்டபத்தில் நான் நின்றது பத்து நிமிஷம். அதனால் என் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இது அப்படியில்லை.

பதிவு வெட்டியதற்கு வீட்டுக்காரரின் கடிதத்தோடு நாளைக்கு வாருங்கள் என்றார் சார்ஜன்ட்.

பஸ் தரிப்பிடத்தில் அம்மா கொச்சிக்கடைத் தேவாலயத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழத் தொடங்கினேன். அம்மா, பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்தார்.

"அம்மா, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை."

"எந்த டொக்டர்?"

"துவாய் வேற வைக்கச் சொல்லேல்லை. இது தொத்தாதாம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவ. நான் சொல்லேல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிறீம், காசு, கடற்கரைக் கல், அக்கா வருவதற்கு முன்பே இருந்தது. ஒரு பஸ் வந்து போனது. அம்மா ஏறவில்லை. அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தன் சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்துக் காட்டினார். வெளிறிப்போய், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அதே புடைப்புகள்.

"உன்ரை வயசிலை எனக்கு இதைவிட மோசம். புண்ணாக்கிப்போட்டுத்தானே எனக்குக் காட்டினனி. முதலே காட்டியிருந்தா உடனை சொல்லியிருப்பன்" என்றார். பிறகு, "டொக்டர் கேட்டவவோ, வீட்டிலை ஆருக்கும் இருக்கோ எண்டு?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லையெண்டு."

அம்மா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். 

அடுத்தநாள் அன்ரியின் கடிதத்தோடு போனோம். அன்ரியும் கூட வந்தார். அவருக்கு நல்ல சிங்களம் தெரியும். இனி என் உதவி தேவையில்லை என்று நினைத்தேன். மேசைக்கு முன்னால் போனதும் அம்மா என் முதுகில் கைவைத்து முன்னுக்குத் தள்ளினார்.

"அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லு. நீயே சொல்லு."

அன்ரி பதறிப்போய், "இப்ப ஏன் அதெல்லாம், கடிதத்தைக் குடுப்பம்" என்றார். அம்மா கேட்கவில்லை.

"எயாட்ட லெடக் நே" என்றேன். "மம போரு கிவ்வா." அவளுக்கு வருத்தம் இல்லை, நான் பொய் சொன்னேன்.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பொலிஸ் நிலையத்தில் வந்து பொய் சொன்னாயா, வேறு என்னவெல்லாம் பொய் என்று கேட்டார்.  அன்ரி இடையில் புகுந்து, சின்னப் பிள்ளை, தன் தோலில் வந்ததற்கு வெட்கப்பட்டு அப்படிச் சொல்லிவிட்டாள் என்று விளக்கினார். கையைக் காட்டு என்றார் அவர். அத்தனை பேருக்கு முன்னால் சட்டையின் முக்கால் கையை மேலே தள்ளினேன். அவர் பார்த்தார், வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவும் பார்த்தாள். அவர் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை வாங்கினார். பின்னேரம் அவளை விட்டார்கள்.

அம்மா அவளை நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் ஒரே உடுப்போடு இருந்தவள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள். அம்மா அவளுக்குப் பரிமாறும்போது அழுதார். அக்கா, "விடுங்கோ பெரியம்மா, என்னை ஒண்டும் செய்யேல்லை" என்றாள்.

நடந்ததை அவளிடம் யார் சொல்வது என்று அம்மாவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு நடந்தது. "நான் சொல்லமாட்டன். மன்னிப்புக் கேக்கவேண்டிய ஆள் நீ" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்போம் என்று நினைத்த நாட்கள் எத்தனையோ. அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்ததை ஏன் மீண்டும் சொல்லவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் பாயை எடுத்து மெத்தைக்குக் கீழே, நிலத்தில் விரித்துக்கொண்டாள். "மேல வாங்கோ அக்கா" என்றேன். "நிலம்தான் குளிர்ச்சி" என்றாள். அதற்குப் பிறகு எங்களோடு இருந்த எட்டு மாதமும் நிலத்தில்தான் படுத்தாள். தட்டெழுத்துப் படித்து, ஓர் ஏற்றுமதிக் கந்தோரில் வேலை எடுத்து, பிறகு கல்யாணமாகி வெளிநாடு போனாள். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டு அனுப்பினார்.

என் கைகள் முப்பது வயதுக்குப் பிறகு தாமாகவே வழுவழுப்பாகின. குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் தலைகாட்டும். நானும் இப்போது குளிர் நாட்டில்தான் இருக்கிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் அது வந்தபோது, முதல் நாளே என் கையைக் காட்டி இது என்ன என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு கிறீம் வாங்கிப் பூசிக்கொண்டு கையில்லாத சட்டையோடு பள்ளிக்கூடம் போகிறாள்.

அக்காவோடு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைப்பேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல், அவள் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டு கதைத்த நேரத்தில், நான் திடீரென்று சொன்னேன்.

"அக்கா, அந்தப் பொலிஸில... உங்களுக்குத் தொத்து வருத்தம் எண்டு சொன்னது. அதுக்கு முதல் வீட்டிலையும். எல்லாம் என்ரை பொய். நான் உங்களிட்டை ஒருநாளும் சொல்லேல்லை."

அந்தப் பக்கத்தில் அகப்பைச் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் ஓடி நின்றது.

"ஓம்" என்றாள்.  நான் காத்திருந்தேன். "மன்னிச்சிட்டன்" என்றோ "அதை விடு" என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.

"பெரியம்மாவின்ரை முழங்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டாள்.

நான் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன்.